பட்டியல் யாரையும் அடிப்பதில்லை

நான் அமெரிக்காவுக்கு ஒருநாளும் போனதில்லை. போக ஆசைப்பட்டதும் இல்லை. குளிர் எனக்கு லண்டனிலேயே போதும். ஆனால் அந்த நாட்டில் வாக்கை யார் போடலாம், யார் போடக்கூடாது, போட்டதை எப்படி எண்ணுவது என்பதையெல்லாம் யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் உயர்தர வகுப்புக்குப் படிப்பித்தவன் நான். அரசறிவியல் பாடம். என்னிடம் படித்தவர்களில் அந்தப் பாடத்தில் தவறியவர்கள் மிகக் குறைவு.

பிள்ளை இம்மாகுலேற், நீங்கள் இப்போது சட்டத்தரணி. ஒன்றியத்தின் புதிய நிர்வாகம் உங்களை விசாரணைக்கு நியமித்திருக்கிறது. சின்ன வயதில் என்னை அங்கிள் என்று கூப்பிட்டு என் கோட்டுப் பைக்குள் ரொபி தேடிய நீங்கள், போன மாதம் 'திரு. பீற்றர் யேசுரட்ணம் அவர்களுக்கு' என்று ஆங்கிலத்தில் தட்டச்சுச் செய்து அனுப்பியிருந்தீர்கள். ஒன்றியத்தின் 1992ஆம் ஆண்டுத் தேர்தலில் நடந்ததை ஒரு பக்கத்துக்குள் எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். ஒரு பக்கம் போதாது. ஆங்கிலத்தில் எழுதினால் என் மனநிலை உங்களுக்கு விளங்காமல் போகவும் கூடும். ஆகவே தமிழில் எழுதுகிறேன். வாசிக்கக் கஷ்டமென்றால் அம்மாவிடம் கொடுத்து வாசிப்பியுங்கள்.

லண்டனிலுள்ள தமிழ்க் கத்தோலிக்கருக்கென்று தோமையார் ஒன்றியத்தை 1974இல் தொடங்கியவை பதினான்கு குடும்பங்கள். டொக்டர்மார், எக்கவுண்டன்மார், என்னைப் போல் ஒன்றிரண்டு கவுன்சில் உத்தியோகத்தர். நான் ஒரு கவுன்சிலில், அதாவது நகரசபையில், வாக்காளர் இடாப்புப் பகுதியில் இருந்தேன். வீட்டு வீடாகப் படிவம் அனுப்பி, வந்ததைச் சரிபார்த்து, செத்தவர் பெயரை வெட்டி, பதினெட்டு வயதானவர் பெயரைச் சேர்க்கிற வேலை. இந்த நாட்டில் அந்த வேலையைக் கவுன்சில் செய்கிறது. அமெரிக்காவில் அப்படியில்லை. அங்கே ஆளாளுக்குத் தானே போய்ப் பதிய வேண்டும். பதியாதவனுக்கு வாக்கில்லை. அந்த நாட்டுத் தேர்தலில் பாதி அலுவல் வாக்குப் போடும் நாளுக்கு முன்னரே முடிந்துவிடுகிறது என்று நான் வகுப்பில் சொல்வேன். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள்.

ஒன்றியம் வருடத்துக்கு ஒருமுறை கூடும். ஒருவர் பெயரை முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார், பிறகு கட்லட்டும் தேத்தண்ணீரும். பதினைந்து வருடத்தில் ஒருமுறைகூட வாக்கெடுப்பு நடந்ததில்லை. நல்ல மனிதர்கள் கூடுகிற இடத்துக்கு அதுதான் அடையாளம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

தென்கிழக்கு லண்டனில், கற்ஃபோர்ட்டில் இருந்த வீடு எங்களுக்கு வந்தது 1982இல். எங்கள் தேவாலயப் பங்கைச் சேர்ந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவி, பிள்ளை குட்டி இல்லாதவர், ஒன்றியத்தின் நன்மைக்கென்று எழுதிவைத்துவிட்டு இறந்துபோனார். ஐந்து அறை, பின்பக்கம் தோட்டம். கீழ்த்தளத்துச் சுவரை உடைத்து ஒரு மண்டபம் ஆக்கினால் பிள்ளைகள் நடனம் பழகலாம், நத்தார்ப் பெருநாளுக்கு நாடகம் போடலாம் என்று நாங்கள் திட்டம் போட்டிருந்தோம். அடுத்த வருடம் ஜூலையில் கொழும்பு எரிந்தது. சனம் வரத் தொடங்கியது. தற்காலிகமாக அந்த வீட்டில் இருக்கட்டும் என்று விட்டோம். நானே வாசற்கதவுத் திறப்பைக் கொடுத்தேன்.

தற்காலிகம் ஒன்பது வருடம் நீடித்தது.

நீங்கள் அந்த வீட்டை அந்தக் காலத்தில் பார்த்ததில்லை. உங்கள் அப்பா உங்களை அங்கே விட்டிருக்கமாட்டார். கதவைத் திறந்ததும் நனைந்த சப்பாத்தின் நாற்றமும் பொரித்த மீனின் நாற்றமும் மண்ணெண்ணெய் ஹீற்றரின் நாற்றமும் ஒன்றாக வந்து முகத்தில் அடிக்கும். ஓர் அறைக்குள் நாலு பேர் ஷிப்ட் முறையில் படுத்தார்கள். ஒருவன் எழும்பிய மெத்தையில் அவனுடைய சூடு ஆறமுன் மற்றவன் சாய்வான். குளியல்தொட்டியின் ஓரத்தில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்ததை என் கண்ணால் கண்டேன். அங்கே போய் வந்தால் நான் வெளியிலேயே சப்பாத்தைக் கழற்றிவிடுவேன். அவர்கள் என் வீட்டுக்கு வந்து போனால் ரெலிபோனை டெற்றோல் போட்டுத் துடைப்பேன். இதை மறைக்க வேண்டிய விஷயமாக நான் கருதவில்லை. அருவருப்பு என்பது ஒருவன் தெரிந்தெடுக்கிற ஒன்றல்ல.

அவர்களில் மெற்றில்டா என்றொரு பெண் இருந்தாள். பேசாலை என்ற கடற்கரை ஊரைச் சேர்ந்தவள், நாற்பது வயதிருக்கும், புருசன் கடலுக்குப் போய்த் திரும்பாதவள். ஓர் ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்புகள் தோய்க்கும் இடத்தில் வேலை. கைகள் எப்போதும் வெந்து சிவந்து, தோல் உரிந்து கிடக்கும். அவள் எதையாவது வாங்கக் கை நீட்டினால் நான் மேசையில் வைத்து விடுவேன், எடுத்துக்கொள்வாள்.

1988 நவம்பரில் அமெரிக்காவில் ஜனாதிபதித் தேர்தல் நடந்தது. அதையொட்டி, கோயில் மண்டபத்தில் அந்த நாட்டுத் தேர்தல் முறை பற்றி ஒரு மணித்தியாலம் பேசினேன். பழைய ஆட்கள் பத்துப் பேர் வந்தார்கள். புதிய ஆட்கள் முப்பது பேர், மண்டபத்தில் ஹீற்றர் இருந்தபடியால். மக்கள் நேரடியாக ஜனாதிபதியைத் தெரிவதில்லை, மாநிலங்களுக்கு என்று ஐந்நூற்று முப்பத்தெட்டுத் தெரிவாளர் இருக்கிறார்கள், அவர்களில் இருநூற்றெழுபது பேரைப் பிடித்தவர்தான் வென்றவர் என்று விளக்கினேன். மெற்றில்டா பின்வரிசையிலிருந்து எழும்பினாள்.

"மாஸ்ரர், அப்ப கூட வோட் எடுத்தவர் தோக்கவும் ஏலுமோ?"

"ஓம். 1888இல அப்பிடித்தான் நடந்தது. அதுக்கு முதலும் நடந்திருக்கு."

"சனம் பேசாமல் இருந்ததோ?"

"விதி அப்பிடி, பிள்ளை."

பிறகு தென்மாநிலங்களின் வரலாற்றுக்கு வந்தேன். அது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. உள்நாட்டு யுத்தத்துக்குப் பின் கறுப்பினத்தவருக்கு வாக்குரிமையை அரசியலமைப்பே கொடுத்துவிட்டது. அதை நேரடியாகப் பறிக்க ஏலாது. ஆகவே தென்மாநிலத்துச் சட்டவல்லுநர்கள் உட்கார்ந்து யோசித்தார்கள். எந்தச் சட்டத்திலும் கறுப்பன் என்ற சொல்லே வராது. அரசியலமைப்பின் ஒரு பிரிவை வாசித்து, பதிவாளர் திருப்திப்படும்படி விளக்க வேண்டும் என்று மிசிசிப்பியில் விதி வந்தது. எந்தப் பிரிவு என்பதையும், திருப்தியா இல்லையா என்பதையும் பதிவாளர் தீர்மானிப்பார். லூசியானாவில் 1867க்கு முன் வாக்குப் போட்டவனின் மகனுக்கும் பேரனுக்கும் அந்தச் சோதனை இல்லை என்றார்கள். 1867க்கு முன் எந்தக் கறுப்பன் அங்கே வாக்குப் போட்டான்? ஒரு லட்சத்து முப்பதினாயிரமாக இருந்த கறுப்பு வாக்காளர் எட்டு வருடத்தில் ஆயிரத்து முந்நூறு சொச்சம் ஆனார்கள். நான் அந்தச் சட்டங்களைப் பாராட்டவில்லை. எழுதிய விதத்தைத்தான் சொன்னேன்.

மெற்றில்டா மறுபடி எழும்பினாள். அந்தச் சனம் பிறகு என்ன செய்தது என்று கேட்டாள். நேரம் போய்விட்டது என்று சொல்லி முடித்துக்கொண்டேன். அவள் அதை அப்படியே விட்டிருப்பாள் என்று நினைத்தேன். லூயிஷாம் நூலகத்தில் வாசகர் அட்டை எடுத்தாள் என்று பிறகுதான் தெரிந்தது.

அடுத்த வருடம் அவர்கள் ஒன்றியத்தில் சேரத் தொடங்கினார்கள். யாப்பில் தடை இல்லை. தமிழ்க் கத்தோலிக்கராய் இருந்தால் போதும் என்றுதான் 1974இல் எழுதியிருந்தோம். எழுதியவன் நான். அந்த நேரத்தில் எங்களைப் போன்றவர்கள்தான் தமிழ்க் கத்தோலிக்கர் என்று நினைத்திருந்தோம். ஐம்பது, அறுபது பேர் சேர்ந்தார்கள். கற்ஃபோர்ட் வீடு வீடாகவே இருக்க வேண்டும், மண்டபம் வேண்டாம், தலைவரை வாக்கெடுத்துத் தெரிய வேண்டும் என்று மெற்றில்டா எழுதிக் கொடுத்தாள். எழுத்துப் பிழை ஒன்றும் இருக்கவில்லை.

1990இல் நான் செயலாளர். வாக்குரிமை கேட்பவர் யாப்பின் ஒரு பிரிவை ஆங்கிலத்தில் வாசித்து, செயலாளர் திருப்திப்படும்படி விளக்க வேண்டும் என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தேன். நிர்வாகம் ஏகமனதாக ஏற்றது. உங்கள் அப்பாவுக்கு நான் கொடுத்தது இரண்டாம் பிரிவு: 'ஒன்றியத்தின் பெயர் தோமையார் ஒன்றியம் ஆகும்.' உங்கள் அப்பா சரியாக விளக்கினார். புதிய ஆட்களுக்குப் பதினேழாம் பிரிவு. சொத்துப் பொறுப்பாளரை நியமிப்பதும் நீக்குவதும் பற்றி ஒன்றரைப் பக்கம் ஓடும் ஒரே வசனம். வங்காலையிலிருந்து வந்த ஒரு மீனவர், ஐம்பது வயது, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு இருபது நிமிடம் அதை எழுத்துக்கூட்டினார். வியர்வை தாளில் சொட்டியது. அந்தத் தாளை நான் பிறகு எறிந்துவிட்டு வேறு பிரதி எடுத்தேன்.

மெற்றில்டா வந்தாள். வாசித்தாள். விளக்கினாள். நான் எழுதியதில் ஒரு முரண்பாடு இருப்பதையும் காட்டினாள். எழும்பும்போது சாதாரணமாகச் சொன்னாள்:

"மாஸ்ரர், இது மிசிசிப்பியில செய்தது தானே?"

அவளைச் சோதனையில் சித்தியடைந்தவள் என்று பதிந்தேன்; நான் அநியாயம் செய்கிறவன் அல்ல.

அதற்குப் பிறகு, ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த வீட்டுக் குசினியில், மீன் வெட்டுகிற பலகையைச் சுற்றி இருந்து பதினேழாம் பிரிவைப் பாடமாக்கினார்கள். ஆறு மாதத்தில் நாற்பது பேர் அதை மனப்பாடமாக ஒப்பித்தார்கள். மரக்கறி வாங்கும்போதுகூட அதை முணுமுணுத்ததை என் மனைவி றோஸ்மலர் லூயிஷாம் சந்தையில் கேட்டிருக்கிறாள். கேட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் எழுதிய வசனம், அந்த வாய்களில்.

பிறகு முகவரிச் சரிபார்ப்பு. பதிவுத் தபாலில் எல்லாருக்கும் கடிதம் அனுப்பினோம். திரும்பி வந்த கடிதத்தின் பெயர் இடாப்பில் வெட்டப்படும். 1981இல் அமெரிக்காவில் ஒரு கட்சி இதே மாதிரிச் செய்து பிறகு நீதிமன்றம் வரை போனது. நான் அதைப் பத்திரிகையில் வாசித்திருந்தேன். பகலில் வேலைக்குப் போகிறவர்கள் எப்படித் தபால்காரனுக்குக் கையெழுத்து வைப்பார்கள்? முப்பத்தெட்டுக் கடிதம் திரும்பி வந்தது. மெற்றில்டா முப்பத்தெட்டுப் பேரையும் மறுபடி பதிவித்து, அடுத்த முறை முறைவைத்து ஒவ்வொருவர் வேலைக்குப் போகாமல் வாசலில் இருக்கும்படி செய்தாள். தபால்காரனுக்குத் தேத்தண்ணீர் கொடுத்தார்களாம்.

1992 ஒக்ரோபர் 25 ஞாயிற்றுக்கிழமை தேர்தல். தலைவர் பதவிக்கு நானும் மெற்றில்டாவும். செயலாளராகத் தேர்தலை நடத்துகிறவனும் நானே. இது முறைகேடு என்று உங்கள் கடிதத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் பல மாநிலங்களில் தேர்தலுக்குப் பொறுப்பான அதிகாரி தானும் ஒரு கட்சி வேட்பாளராகத் தேர்தலில் நிற்பவர்தான். அவரவர் போட்டியை அவரவரே நடத்துவதும் உண்டு. அங்கே அது வழமை. மாதத் தொடக்கத்தில் இடாப்பை எடுத்துப் பார்த்தேன். எங்கள் பக்கம் நாற்பத்துநாலு. அவர்கள் பக்கம் ஐம்பத்திரண்டு.

இனி நீங்கள் கேட்க விரும்புகிற விஷயத்துக்கு வருகிறேன்.

1986 தொடக்கம் சனிக்கிழமைகளில் அவர்கள் என் வீட்டுக்கு வருவார்கள். அகதி விண்ணப்பம் நிரப்ப. என் ஆங்கிலம் திறம், என் கையெழுத்து அதைவிடத் திறம். நான் ஒரு சதம் வாங்கியதில்லை. சாப்பாட்டு மேசையில் பழைய பத்திரிகை விரித்து, அதன்மேல் அவர்களுடைய கடதாசிகளை வைத்து, எல்லாவற்றையும் கேட்டு எழுதுவேன். உண்மையைச் சொல்லாவிட்டால் என்னால் உதவி செய்ய ஏலாது என்பேன். சொல்வார்கள். யாருடைய பாஸ்போட்டில் வந்தது, யாருடைய இன்சூரன்ஸ் நம்பரில் வேலை செய்வது, எந்தப் பெயர் சொந்தப் பெயர், எதைப் படிவத்தில் எழுதக்கூடாது. மேன்முறையீடு வந்தால் தேவைப்படும் என்று, எழுதக்கூடாததை ஒரு நீலக் கொப்பியில் குறித்து வைத்தேன். அது அவர்களுடைய நன்மைக்காகத்தான்.

அன்ரன் ஆனந்தராஜா அப்படி வந்தவன். இருபத்துமூன்று வயது, ஒரு பெற்றோல் ஸ்ரேஷனில் வேலை. பிரான்சுக்காரன் ஒருவனின் பாஸ்போட்டில் வந்தவன். அவனுடைய கதையை எழுத மூன்று சனிக்கிழமை எடுத்தது. இடையில் எழுந்து போய் வாந்தி எடுத்தான். கக்கூசைத் தானே கழுவிவிட்டு வந்தான். நான் பிறகு இன்னொருமுறை கழுவினேன்.

மிசிசிப்பியில் 1962இல் ஒரு சட்டம் வந்தது. வாக்காளராகப் பதிய வருகிறவனின் பெயரையும் முகவரியையும் உள்ளூர்ப் பத்திரிகையில் இரண்டு கிழமை போட வேண்டும். அவ்வளவுதான் சட்டம். அவனை வேலையை விட்டு நிறுத்து என்று சட்டம் சொல்லவில்லை. வீட்டுக்குத் தீ வை என்று சொல்லவில்லை. ஒரு பட்டியல். பட்டியல் யாரையும் அடிப்பதில்லை. மிச்சத்தை வாசிக்கிறவர்கள் செய்கிறார்கள். அதற்கு அவர்கள்தான் பொறுப்பு. இதை நான் அந்தக் காலத்து மாணவர்களுக்கும் இதே சொற்களில் சொல்லியிருக்கிறேன்.

ஒக்ரோபர் 9ஆம் திகதி குடிவரவு அதிகாரிகளுக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஒன்பது பெயர். ஐம்பத்திரண்டில் ஒன்பது போனால் நாற்பத்துமூன்று. தேவைக்கு மேல் ஒரு பெயரும் நான் எழுதவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே சொந்தப் பெயர், வந்த பாஸ்போட், வேலை செய்யும் இடம், காலையில் வீட்டில் இருக்கக்கூடிய நேரம். பொய் ஒன்றும் இல்லை. நான் மொட்டைக் கடிதம் எழுதுகிறவனும் அல்ல, கையொப்பமிட்டுத்தான் அனுப்பினேன். அந்தக் கடிதம்தான் இப்போது கனடாவிலுள்ள ஆனந்தராஜாவின் அக்கா போட்ட வழக்கில் வெளியே வந்து உங்கள் மேசையில் இருக்கிறது. கையெழுத்து என்னுடையதா என்று கேட்டிருக்கிறீர்கள். என்னுடையதுதான்.

22ஆம் திகதி வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு எங்கள் வீட்டு மணி அடித்தது. மெற்றில்டா. வேலைக்குப் போகும் உடுப்போடு, கோட் இல்லாமல் நின்றாள். கற்ஃபோர்ட்டிலிருந்து ஓடிவந்திருக்க வேண்டும்.

"மாஸ்ரர், பெடியளைப் பிடிச்சுக்கொண்டு போகினம். நீங்கள் இங்கிலிசில கதைச்சால் கேப்பினம். ஒருக்கா வாங்கோ."

அந்த அம்மாளுக்கு என்மேல் கோபம் இருந்தது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் என்னிடம்தான் வந்தாள். அது எனக்கு ஒருவகைத் திருப்தியாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ரை கட்டிக்கொண்டு போனேன்.

வீட்டின் முன்னால் குடிவரவு அதிகாரிகளின் இரண்டு வான். உள்ளே கதவுகள் எல்லாம் திறந்து கிடந்தன. மெத்தைகள் புரட்டப்பட்டு, அதன் கீழிருந்த அழுக்கெல்லாம் வெளிச்சத்துக்கு வந்திருந்தது. ஆறு பேரைக் குசினியில் வரிசையாக இருத்தியிருந்தார்கள். மற்ற மூன்று பேரை அன்றைக்கே வேலை செய்யும் இடங்களில் பிடித்தார்கள். ஒருவன் பயத்தில் மூத்திரம் போயிருந்தான். நான் கைலேஞ்சியை மூக்கில் வைத்துக்கொண்டேன். என்னைக் கண்டதும் ஆனந்தராஜாவின் முகம் தெளிந்தது. மற்றவர்களைப் பார்த்து, "மாஸ்ரர் வந்திட்டார்" என்றான்.

அதிகாரிகள் என்னை மரியாதையாக நடத்தினார்கள். மொழிபெயர்ப்பாளர் வரத் தாமதம், உதவ முடியுமா என்று கேட்டார்கள். ஒரு மணித்தியாலம் மொழிபெயர்த்தேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை, ஒரு சொல்லும் குறைக்கவில்லை. பிரெஞ்சுப் பாஸ்போட் பற்றி ஆனந்தராஜாவிடம் கேட்டபோது அவன் என்னைப் பார்த்தான். என்ன சொல்லட்டும் என்று கேட்கிற பார்வை. உண்மையைச் சொல்லு என்றேன். சொன்னான். அதையும் சரியாக மொழிபெயர்த்தேன்.

கொண்டுபோகும்போது ஜாக்கெற்றின் உள்பையிலிருந்து ஓர் உறையை எடுத்துத் தந்தான். ஞாயிற்றுக்கிழமை வேலை உள்ளவர்களுக்கு வாக்குச்சீட்டை முன்கூட்டியே தபாலில் அனுப்பியிருந்தோம், அது.

"ஞாயிறு எனக்கு வர ஏலாது போல, மாஸ்ரர். இதை நீங்களே வைச்சிருங்கோ."

உறை உடம்புச் சூட்டோடு, கொஞ்சம் ஈரமாக இருந்தது. இரண்டு விரலால் பிடித்து வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து குளித்தேன். றோஸ்மலர் குளியலறை வாசலில் நின்றாள். அந்த ஆறு பேரின் பெயரையும் கேட்டாள். சொன்னேன். "அந்த நீலக் கொப்பி எங்கை?" என்றாள். அலமாரியில் என்றேன். அவள் போய் அதை எடுத்துத் தோட்டத்தில் வைத்து எரித்தாள். அன்றைக்குத் தொட்டு எனக்குச் சாப்பாடு போட்டு வைப்பாள். தான் அந்த மேசையில் இருக்கமாட்டாள். பெண்களுக்குச் சில விஷயங்களில் விதி விளங்காது.

ஞாயிற்றுக்கிழமை நாற்பத்தொரு பேர் எனக்கு வாக்களித்தார்கள். மெற்றில்டாவுக்குப் பத்தொன்பது. நான் எழுதியது ஒன்பது பெயரை மட்டும். மற்றவர்கள் ஏன் வரவில்லை என்பதற்கு நான் பொறுப்பல்ல. வீதி மூலையில் ஒரு வெள்ளை வான் நின்றதாகக் கதை பரவியிருந்தது. அது பேக்கரியிலிருந்து பாண் கொண்டுவந்த வான்.

மெற்றில்டா முடிவைக் கேட்டுவிட்டு மேடைக்கு வந்தாள். எனக்குக் கை தரப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் மேசையில் இருந்த இடாப்பைத் திருப்பி, ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் பார்த்து, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"ஒம்பது பேரும் உங்களிட்ட அகதிப் போம் எழுதினவை, மாஸ்ரர். வேற ஆரும் இல்லை. ஏன்?"

தற்செயல் என்றேன். அவள் சண்டை பிடிக்கவில்லை. அடுத்த இரண்டு மாதத்தில் மிச்சமிருந்தவர்களைக் கூட்டிக்கொண்டு வட லண்டனில் எட்மண்டன் பக்கம் போய்விட்டாள். நாங்கள் சுவரை உடைத்து மண்டபம் கட்டினோம். நல்ல மரத்தளம். நீங்கள்கூட அங்கே உங்கள் சகோதரியின் பிறந்தநாளுக்கு ஆடியிருக்கிறீர்கள்.

ஆனந்தராஜாவை 1993 ஜனவரியில் திருப்பி அனுப்பினார்கள். கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் தங்கினானாம். நாலாம் நாள் ஆட்கள் வந்து வாகனத்தில் ஏற்றிப் போனார்களாம். இரண்டு கிழமை கழித்து வத்தளைப் பக்கம் ஒரு வாய்க்காலில் கிடந்தான். பெற்றோல் ஸ்ரேஷன் சீருடைச் சேட்டை வைத்து அடையாளம் கண்டதாகச் சொன்னார்கள். அவனுக்காகப் பூசை ஒப்புக்கொடுக்க வேண்டும் என்று மெற்றில்டா தொலைபேசியில் கேட்டபோது, தலைவர் என்ற முறையில் நானே பங்குத்தந்தையுடன் பேசி ஒழுங்கு செய்தேன். முதல் வாசகத்தையும் நானே வாசித்தேன்.

உங்கள் கடிதத்தோடு அந்த வாய்க்கால் படத்தையும் வைத்திருந்தீர்கள். அது தேவையற்றது. நான் காலைத் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். மிச்சத்தை ஊற்ற வேண்டியதாயிற்று. தண்ணீரில் ஊறிய உடம்பு எப்படியிருக்கும் என்பது எனக்கும் தெரியும். அதைக் காட்டி என்னிடம் எதை வரவழைக்கப் பார்க்கிறீர்கள்? செய்ததை மறைக்காமல் எழுதிவிட்டேன். பெயர்களைக் கொடுத்தவன் நான். தேர்தலுக்காகத்தான் கொடுத்தேன். இன்ன நேரம் வீட்டில் இருப்பான் என்று எழுதியவனும் நானே. திருப்பி அனுப்பினால் அவனுக்கு என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. அவனுடைய விண்ணப்பத்தில் அதை நல்ல ஆங்கிலத்தில் நாலு பக்கம் எழுதியவன் நான்தானே.

ஆனால் உங்கள் கடிதத்தின் கடைசிப் பந்தியில், நான் தேர்தலை நேர்மையாக நடத்தவில்லை என்று ஒரு வரி இருக்கிறது. அதை நான் ஏற்க முடியாது. அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

வாக்கு எண்ணும்போது ஆனந்தராஜாவின் உறையையும் மற்ற உறைகளோடு சேர்த்து எல்லார் முன்னிலையிலும் திறந்தேன். அவன் புள்ளடி போட்டிருந்தது என் பெயருக்கு நேரே. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. புள்ளடிக்குக் கீழே, கோணல் எழுத்தில், 'எழுதித் தந்ததுக்கு நன்றி மாஸ்ரர்' என்று எழுதியிருந்தான். வாக்குச்சீட்டில் புள்ளடியைத் தவிர வேறு எழுத்து இருந்தால் அது செல்லாது என்பது விதி. உங்கள் அப்பா என் பக்கத்தில் நின்று, உனக்குத்தானே போட்டிருக்கிறான், சேர்த்துக்கொள் என்று காதுக்குள் சொன்னார். நான் கேட்கவில்லை. செல்லாதவை என்று எழுதிய பெட்டிக்குள் அதைப் போட்டேன். எனக்கு விழுந்த வாக்கையே விதிக்காகத் தள்ளிவைத்த ஒரு மனிதனைப் பற்றி அப்படி ஒரு வரி எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது என்பதுதான், பிள்ளை, எனக்கு இன்னும் விளங்கவில்லை.